மை பட்ட பச்சைப் பேனா

அன்புள்ள ஊர்சுற்றிக்கு,

இல்லை, மாற்ற மாட்டேன். அது இரண்டாம் தரம்தான்.

ஃபோனில் இதையே பல விதமாகக் கேட்டுப் பார்த்தாய். முதலில் கொஞ்சல். பிறகு நியாயம். கடைசியில், கழுவிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றாய். நான் ஃபோனை வைத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. உன் குரலைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டால் அப்புறம் நீ சொன்னதுதான் நடக்கும். தாளில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பார்சல் நல்லபடியாக வந்து சேர்ந்தது. உன் சாக்ஸுக்குள் பேனாக்களைச் சுருட்டி அனுப்பியிருந்தாய். அத்தை முதலில் சாக்ஸைத்தான் முகர்ந்து பார்த்தார். துவைத்தது என்று தெரிந்ததும் அவருக்குப் பாதி நிம்மதி. பிள்ளை அங்கே நன்றாக இருக்கிறான் என்பதற்கு அவருக்கு அதுவே சாட்சி.

தேன் நிறப் பேனா அழகு. முள் லேசாக வளைந்திருந்தது, நிமிர்த்திவிட்டேன். கறுப்பு ரப்பர் பேனாக்களை யாரோ தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறார்கள், பழுப்பேறிவிட்டன. சாயம் ஏற்ற மாட்டேன். 'உழைத்தது' என்று போட்டுப் பழுப்பு என்றே எழுதியிருக்கிறேன். கிளிப் உடைந்தவன் உதிரிக்குப் போகிறான்.

இனி பச்சை.

சமையலறை ஜன்னலில் காலை வெளிச்சம் விழும்போதுதான் பார்த்தேன், வழக்கம்போல. கண்ணாடிப் பலகையில் உருட்டினேன். ஒரு கோணலும் இல்லை. மூடியின் மரை தேயவில்லை, திருகும்போது அந்தப் புதுப் பேனாவின் இறுக்கம். கடைக்காரன் அன்றைக்குச் சுற்றிய விலைச்சீட்டு இன்னும் உடம்பில் இருக்கிறது. நம் இருவருக்கும் முன்னால் பிறந்து, ஒரு மேஜை இழுப்பறையிலேயே இருந்து, ஒரு எழுத்தும் எழுதாத பேனா. 'தொடாதது' என்று சீட்டு எழுதக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம் பழக்கத்துக்காக ஈர டிஷ்யூவை முள்ளின் பிளவில் வைத்தேன்.

நீலம்.

பழைய மை எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். முதலில் ஒன்றும் வராது. நேரம் கழித்துச் சாம்பலாய், துகள் துகளாய் வரும். இது ஒற்றியதும் பரவியது. முள்ளுக்கு அடியில் மை இறங்கும் கட்டையின் பள்ளங்களிலும் ஈரம் இருந்தது. விலைச்சீட்டும் நகர்ந்திருக்கிறது. அதன் அடியில் பச்சை இன்னும் பளிச்சென்று, நிழலில் வளர்ந்த இலை மாதிரி ஒரு கோடு தெரிகிறது. விரலுக்கு இடம் வேண்டி யாரோ அதை மேலே தள்ளியிருக்கிறார்கள். அண்மையில்.

வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று நீ சொன்னாய்.

ஊரிலேயே பேனா வைத்துக்கொள்ளாத ஒரே பேனா வியாபாரி நீதான். ரசீதில் கையெழுத்துப் போடக்கூடத் தபால்காரரிடம் கை நீட்டுவாய். அத்தை சொல்கிறார்: "சின்ன வயசுல பேனா வாங்கிக் கொடுத்தா தொலைச்சிட்டு வருவான். இப்ப ஊரார் தொலைச்ச பேனாவையெல்லாம் பொறுக்கிட்டு வர்றான்."

போன திங்கட்கிழமை வக்கீல் அறையில் கடைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாய். அதை ஃபோனில் சொன்னபோது உனக்கு மூச்சு வாங்கியது. தெருமுனைக் கடை, வடக்கு வெளிச்சம், மேலே மூன்று பேருக்குப் போதுமான வீடு, இரண்டு வருஷக் குத்தகை. நானும் அத்தையும் மூட்டை கட்ட வேண்டியதுதான் பாக்கி என்றாய். பச்சைப் பேனாவை, பேனா சேர்க்கும் நம் பல் டாக்டர் முதல் தரத்தில் வாங்கிவிட்டால் முன்பணம் பற்றிக் கவலையே இல்லை என்றும்.

வக்கீல் பால்பாயிண்டை நீட்டியிருப்பார். உனக்கு மனசு வந்திருக்காது. பேனாப் பை மடியில் இருந்திருக்கும், அதில் மைப்புட்டியும். வாழ்க்கையில் பெரிய கையெழுத்து, நல்ல பேனாவில் போடலாமே என்று தோன்றியிருக்கும். எனக்கே தோன்றும். அதற்காக நான் உன்னைக் கடிந்துகொள்ளப் போவதில்லை.

ஆனால் ஒரு சொல் எழுதினாலும் அது எழுதியதுதான். இந்தத் தரங்களுக்குப் பெயர் வைத்தது நாம் இருவரும். தொடாதது, எழுதியது, உழைத்தது, உதிரி. நடுவில் 'கொஞ்சமாகத் தொட்டது' என்று ஒன்று வைக்கலாம் என்று நீ கேட்டபோது, அப்படி ஒரு தரம் வந்தால் உலகத்திலுள்ள எல்லாமே அதற்குள் போய்விடும் என்றேன். ஒத்துக்கொண்டாய்.

டாக்டர் நாளை வருகிறார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

*

வந்தார், போனார்.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். அந்த வகைப் பேனாவில் எல்லா நிறமும் வைத்திருப்பவர், பச்சை ஒன்றுதான் இல்லை, அவசரம் இருக்காதா. எங்கள் மேஜை விளக்கை அவரே இழுத்துச் சரிசெய்துகொண்டார். பேனாவைத் திறந்து பார்த்த விதத்தில், எங்கே "ஆ காட்டு" என்று சொல்லிவிடுவாரோ என்று இருந்தது. வெகுநேரம் பார்த்தார். முகம் குழந்தையுடையதாகிவிட்டது. நான் ஏற்கெனவே முள்ளையும் கட்டையையும் சுத்தம் செய்திருந்தேன். எதுவும் தெரியவில்லை. என் கண்ணுக்கே தெரியவில்லை.

சீட்டை நீட்டினேன். 'எழுதியது. ஒரே ஒரு முறை.'

சீட்டை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா."

"அதனாலதான் டாக்டர் சொன்னேன்."

வாங்கவில்லை. வாங்குவார் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன், மறைக்கவில்லை. உண்மை சொன்னதற்காக மனம் நெகிழ்ந்து வாங்குவார் என்றெல்லாம். தன் வரிசையில் அது உட்காராது, தினமும் அதன் மேல்தான் கண் போகும் என்றார். நியாயம்தான். காபியைக் குடித்து முடித்து, அத்தையிடம் கடைவாயில் இன்னும் கூச்சம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அத்தைக்குத்தான் ஆறவில்லை. பேனா இருப்பதே எழுதத்தானே, எழுதினால் எப்படி மட்டமாகும் என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படிப் பார்த்தால் நானும்தான் வாழ்ந்து தேய்ந்திருக்கிறேன், எனக்கு என்ன சீட்டு ஒட்டுவாய் என்றார். 'உழைத்தது' என்றேன். பரவாயில்லை, உதிரி என்று சொல்லவில்லையே என்றார்.

மறுநாள் கீழ்வீட்டு அக்கா வந்தார். கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர், இடதுகைக்காரர். எல்லாப் பேனாவும் தன்னிடம் வந்தால் கீச்சிடுகிறது என்று புலம்புவாரே, அவர்தான். பச்சையைக் கொடுத்துத் தண்ணீரில் தோய்த்து எழுதிப் பார்க்கச் சொன்னேன். கீச்சிடவில்லை. இரண்டாம் தர விலைக்கே எடுத்துக்கொண்டார். இங்கேயே மை ஊற்றித் தரச் சொன்னார். பேனாவுக்குள் ரப்பர் பை மையை உறிஞ்சிய சத்தம் கேட்டபோது எனக்குள் எங்கோ சுருக்கென்றது. அத்தை பக்கத்தில் நின்று, மகள் பிரசவத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, பச்சை போய்விட்டது. டாக்டர் தந்திருக்கக்கூடியது வரவில்லை. கடைக்கு அக்கா தந்தது போதாது, தெரியும். தேன் நிறமும் மற்றவையும் நல்ல கைகளுக்குப் போகும், நான் பார்த்துக்கொள்கிறேன். என் சீட்டை நம்பித்தான் ஆட்கள் பேனாவைக் கண்ணால் பார்க்காமலேயே வாங்குகிறார்கள். அது ஒன்றுதான் நம் முதல். கடை தெருமுனையில் இருந்தாலும் சரி, இந்தச் சமையலறை ஜன்னலில் இருந்தாலும் சரி.

இனிச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

பேனாவில் மை பட்டது எனக்குப் பெரிய விஷயமில்லை. அதில் எழுதிய சொல் உன் பெயர். அந்தத் தாளில் என் பெயருக்கு இடம் இருந்ததா என்று நான் ஃபோனில் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் நான் எந்த ஜன்னலில் வேலை செய்வேன், அத்தை எந்தப் படியில் ஏறுவார் என்பதெல்லாம் நீ ஒரு நாள் காலையில் முடிவு செய்துவிட்டாய். சந்தோஷத்தில் செய்தாய், சந்தேகமே இல்லை. உன் சந்தோஷம் எப்போதும் உனக்கு முன்னால் ஓடும். நீ அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடுவாய். காதலித்த காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் கேட்கப்படாத கேள்விக்கு எப்படிச் சரி சொல்வது? அதுதான் இந்த வாரம் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும்போது. படியில் இறங்கும்போது. பயமில்லை எனக்கு. புது நாடு, புது மொழி, எதுவும் பயமில்லை. உன்னைப் பார்த்து இவ்வளவு நாளாகிவிட்டதுதான் கஷ்டம். அதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று பார்க்கிறேன்.

அத்தையிடம் கேட்டேன். அவரிடமும் யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா, பகலில் பேச்சுத்துணைக்கு ஆள் உண்டா, இவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நீ பதில் எழுது. அவருக்கே எழுது, எனக்கு வேண்டாம்.

நான் கேட்பது இது. வக்கீலிடம் போய் ஒப்பந்தத்தில் என் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேள். முடியாவிட்டால் முடியாது என்றே எழுது. அழகுபடுத்தாதே. கண்ணால் பார்க்காமல் நான் எதற்கும் தரம் சொன்னதில்லை, கடைக்கும் சொல்ல மாட்டேன். வந்து பார்ப்பேன். கூரை ஒழுகுமா, வடக்கு வெளிச்சம் நீ சொல்கிற வடக்குதானா, எல்லாம் பார்ப்பேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்பேன். உன் முகம் வாடும். வாடட்டும். பிடித்திருந்தால் உன்னைவிடச் சத்தமாக நான் சொல்வேன்.

அதுவரை வாசலில் பெயர்ப் பலகை வேண்டாம். அலமாரி வாங்காதே. சுவரில் ஆணி அடிக்காதே. தினமும் ஜன்னலைத் திறந்து வை, பூட்டிக் கிடந்த வாடை போகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. இருமல் இன்னும் இருக்கிறது, ஃபோனில் கேட்டது. மருந்துக் கடைக்காரரிடம் சொல்லி ஏதாவது வாங்கு. ஒரு பால்பாயிண்ட் பேனாவும் வாங்கி உன் சட்டைப்பையில் சொருகிக்கொள்.

நன்றாக இரு. உன் கை தொட்டது துலங்கட்டும். தொடுவதற்கு முன் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார், போதும்.

இப்படிக்கு,
உன் பூதக்கண்ணாடி

(உறையின் பின்புறம்)

தபால் பெட்டிக்கு வரும் வழியில் ஸ்டுடியோவில் நுழைந்து அத்தைக்குப் பாஸ்போர்ட்டுக்கான படம் எடுத்தேன். எனக்கும்.