முண்டக்கண்ணி விட்ட கிணறு

வைகாசி 6, வெள்ளி
அனல். இலைகூட அசையவில்லை. பள்ளிக்கூடம் லீவு. சிவகாமிக்கு மறுபடி குளிர்ஜுரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். வயிற்றில் ஆறு மாதம். வண்டி கட்டி இலுப்பூர் ஆஸ்பத்திரி. மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரை இல்லை.

கம்பவுண்டர்: "எல்லாம் யுத்தத்துக்குப் போயிருச்சு சார். கெணத்துல முண்டக்கண்ணி மீன விடுங்க. கொசுப்புழுவத் தின்னுரும். இன்னொரு தடவ கடிபடாமயாச்சும் இருப்பாங்க."

போன வருஷம் பையன் இதே ஜுரத்தில்தான். எழுத வேண்டாம்.

வைகாசி 7
காலையில் ஊருணி. துண்டால் அரித்துப் பிடித்தேன். ஒன்றுகூட விரல் நீளம் இல்லை. உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு. குடத்தில் கொண்டுவந்து கிணற்றில் விட்டாச்சு. மண்ணெண்ணெய் இன்றும் கிடைக்கவில்லை.

வைகாசி 11
ஹெட்மாஸ்டர் வந்தார். புத்தகத்தில் படம் காட்டினார்: கல்லில் பதிந்த மீன், முள் முள்ளாக. முண்டக்கண்ணிக்குப் பங்காளியாம். மனுஷனே இல்லாத காலத்ததாம். அத்தனை காலம் தாங்கின ஜாதி என்றதும் எனக்கு என்னமோ தைரியம். கிணற்றில் புழு குறைந்திருக்கிறது, நிஜமாகவே. சிவகாமி கஞ்சி வேண்டாம் என்றாள்.

வைகாசி 13
ஊருணியில் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் துண்டை வீசி உத்தரவு கொடுத்ததும் ஊரே இறங்கிவிட்டது. மத்தியானத்துக்குள் வெறும் சேறு. இனி மழை பெய்தால்தான் முண்டக்கண்ணி. நல்லவேளை, நம்முடையது கிணற்றில் பத்திரம்.

வைகாசி 16
கிணற்றில் ஒரு வெள்ளிப் பொட்டைக்கூடக் காணோம். புழு நெளிகிறது. எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடியில் கறுப்பாக ஏதோ புரண்டது.

மச்சினன் கருப்பையாவைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: "வெராலு, மச்சான். அன்னிக்கு ஊருணில புடிச்சது. அக்காவுக்கு ஒடம்பு தேறணும்ல. உசிரோட கெடந்தா வேணுங்கறப்ப கொழம்பு வைக்கலாம்னு போட்டேன்."

அறைந்திருப்பேன். அக்கா மேல் உயிரையே வைத்திருக்கிறவன். என்னவென்று அறைவது?

வைகாசி 17
விராலைப் பிடித்து அவனே அறுத்தான். வயிற்றில் முண்டக்கண்ணி, ஒன்றில் பொட்டு இன்னும் அழியவில்லை. அப்போதுதான் முண்டக்கண்ணி விட்ட விஷயத்தைச் சொன்னேன். அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவேயில்லை அவன்.

ஊருணிச் சேற்றில் போய்த் தேடினேன். ஒன்றுமில்லை. கல்லில் பதிந்த காலத்திலிருந்து தப்பி வந்த ஜாதி, என் கிணற்றில் பத்து நாள் தாங்கவில்லை.

சிவகாமி குழம்பு ஊற்றி இரண்டு கவளம் சாப்பிட்டாள். எத்தனை நாளைக்கப்புறம். "தம்பி புடிச்சதாங்க? நல்லாருக்கு" என்றாள். ஆமாம் என்றேன்.

விளக்கு வைக்கும்போது அவளுக்குக் குளிரில் பல் கிட்டியது. இருக்கிற போர்வை எல்லாம் போட்டும் உதறல் நிற்கவில்லை. நான் ஒரு பக்கம், கருப்பையா ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். அவள் காதோரம் கொசு பாடுகிறது. விரட்ட எங்கள் இருவருக்கும் கை இல்லை.