பின் கண்ணாடியில் ஒரு லாரி சர்வீஸ்

2025 மார்ச் 4, செவ்வாய். காலை 6:42. நோட்டீஸ் எண்ணிக்கை: மூன்று.

இந்த முறை ஆரஞ்சு நிறம். என் பிக்கப் டிரக்கின் வைப்பர் அடியில் சொருகியிருந்தது. குடியிருப்புக்குள் கமர்ஷியல் வாகனம் நிறுத்தக் கூடாது, 18-ஆம் தேதிக்குள் எடுக்காவிட்டால் இழுத்துப் போய்விடுவார்கள். ஆட்சேபம் இருந்தால் 13-ஆம் தேதி அசோசியேஷன் கூட்டத்தில் சொல்லலாம்.

காரணம்? நம்பர் பிளேட். கலிஃபோர்னியாவில் பிக்கப் வாங்கினாலே கமர்ஷியல் பிளேட்தான் கொடுப்பார்கள். இதுகூடத் தெரியாமல் குடியிருப்புக்கு ஒரு மேனேஜர்!

வண்டி வாசலில் நிற்காவிட்டால் அம்மா வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. பவர் வீல்சேர் 340 பவுண்டு. என் மனைவி ஷைனாவின் காரில் ஏறாது. பிக்கப்பின் பின்பக்கம் நான் பொருத்திய சின்ன கிரேன்தான் தூக்கி வைக்கிறது. வெளியே தெருவில் நிறுத்தலாம் என்றால் முக்கால் மைல். நடைபாதை பாதியிலேயே தீர்ந்துவிடும். தெரபி கிடையாது, ஞாயிறு பூசை கிடையாது. ஜன்னல்தான்.

விட மாட்டேன்.

மார்ச் 5

மேனேஜருக்கு போன் பண்ணினேன். "பிளேட் கமர்ஷியல் என்று சொல்கிறதே" என்றார். நான்கு தடவை. வைத்துவிட்டேன்.

61 பக்க விதிப் புத்தகத்தை இறக்கி முழுவதும் படித்தேன். இங்கே குடியிருக்கும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். விதி 7.4, பிரிவு C: சொந்த உபயோகத்துக்கான பிக்கப்புக்கு விலக்கு உண்டு. மூன்று நிபந்தனை. எடை பத்தாயிரம் பவுண்டுக்குள். தொழிலுக்கோ வாடகைக்கோ ஓடக் கூடாது. நிறுவனப் பெயர், விளம்பரம் இருக்கக் கூடாது.

மூன்றுக்கு மூன்று. முடிந்தது கதை.

மனு எழுத உட்கார்ந்தேன். ஷைனா எட்டிப் பார்த்தாள். "நாலு பக்கமா? டேபிள் வேறயா? ஜாக்சன், அத்தைக்கு வீல்சேர்னு ஒரு லைன் எழுதுடா. சட்டத்துலயே இடம் இருக்கு. குடுத்துதான் ஆகணும்."

அது எனக்கும் தெரியும். உள்ளே இருந்து அம்மா குரல்: "ஏல, என் காலைச் சொல்லி எடம் கேக்காத. வண்டி சரியா இருக்குன்னா வண்டிக்காவ குடுக்கட்டும்."

சரி. வண்டிக்காகவே வாங்குகிறேன்.

மார்ச் 7

மூன்று நிபந்தனைக்கும் டிக் அடித்து, உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து திரும்பினோம். தபால் பெட்டிப் பக்கம் ராமசுப்ரமணியன் அங்கிள். 22-ஆம் நம்பர் வீடு, அசோசியேஷன் போர்டின் ஐந்து பேரில் ஒருவர். எங்கள் குடியிருப்பில் எங்களைத் தவிர தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள்.

"உன் லெட்டர் பாத்தேன்பா. பிரமாதம். ஆனா அந்தப் பின் கண்ணாடி மேட்டரை விட்டுட்டியே?"

"என்ன மேட்டர் அங்கிள்?"

"போன் நம்பரோட போட்டுருக்கியேப்பா!"

திரும்பிப் பார்த்தேன். வெள்ளை ஸ்டிக்கர், கண்ணாடி அகலத்துக்கு. ஜீவரத்தினம் லாரி சர்வீஸ், தூத்துக்குடி. கீழே லேண்ட்லைன் நம்பர்.

அப்பாவின் கம்பெனி. கடைசி லாரியை 2011-இல் விற்றார். 2016-இல் அப்பாவும் இல்லை. நான் பிக்கப் வாங்கியதும் அம்மா ஊரில் அதே ஸ்டிக்கர் கடையில் அதே எழுத்தில் வெட்டச் சொல்லி, சேலைக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்தாள். ஒட்டியது நான்தான்.

இரண்டு வருஷமாக தினமும் பார்க்கிறேன். நிறுவனப் பெயர் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. 'நிறுவனப் பெயர் இல்லை' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சே! இதே தப்பை ஆபீஸில் ஒருவன் செய்தால் நான் என்ன பேச்சு பேசுவேன்?

மார்ச் 10

மேனேஜரிடமிருந்து மெயில். கண்ணாடியின் போட்டோ, அதன் கீழே ஒரே கேள்வி: இதற்கு என்ன அர்த்தம்?

"'மாதாவே துணை'ன்னு எழுதிடு. முடிஞ்சுது" என்றாள் ஷைனா.

"அங்கிள் படிப்பார்."

"அவர் போட்டுக் குடுக்க மாட்டாருடா."

கேட்டுவிடலாம் என்று போன் பண்ணினேன். "நானா எதுவும் சொல்ல மாட்டேன்பா. ஆனா மீட்டிங்ல கேட்டாங்கன்னா பொய் சொல்ல வராது. எனக்கு பிபி வேற."

இரவு, ஸ்டிக்கரைச் சூடு காட்டி உரிக்க ஹீட் கன்னை எடுத்து வைத்தேன். பத்து நிமிஷ வேலை. உரித்துவிட்டு 'ஸ்டிக்கரா, எந்த ஸ்டிக்கர்?' என்று கேட்கலாம். அவர்களிடம் போட்டோ இருக்கிறது. முட்டாள்தனம். அதோடு அம்மாவிடம் என்ன சொல்வது?

மார்ச் 11

சொன்னேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும்.

அம்மா முழுவதும் கேட்டாள். பிறகு: "மாதா பேரா போடச் சொன்னா அவ?"

"சும்மா சொன்னாம்மா."

"உங்கப்பா பேரை மறைக்கதுக்கு மாதா பேரா? என்ன எழுதியிருக்கோ அதையே சொல்லு. வண்டிய எடுத்துட்டுப் போனா போவட்டும்."

"போனா உனக்குத்தாம்மா கஷ்டம்! வீட்டுக்குள்ளயே கெடப்பியா?"

"கத்தாதல. அன்னைக்கு நானும் வாரேன்."

ஏன் கத்தினேன்? அம்மா மேலா கோபம்? இல்லை. டிக் அடித்த கை என்னுடையது.

மார்ச் 13, வியாழன்

மாலை 6:30, கிளப்ஹவுஸ். போர்டில் ஐந்து பேர். அம்மா என் பக்கத்தில். நாற்காலியை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அவர்கள் ஆரம்பிக்கும் முன் எழுந்தேன். "என் மனுவின் இரண்டாம் பக்கம் தவறு. கண்ணாடியில் இருப்பது நிறுவனப் பெயர்தான். என் அப்பாவுடையது. நிறுவனமும் இல்லை, அவரும் இல்லை. அந்த நம்பரும் எப்போதோ போய்விட்டது, கூப்பிட்டுப் பாருங்கள்."

தலைவி அங்கிளைப் பார்த்தார். "கரெக்ட்டாத்தான் சொல்றார்" என்று அங்கிள் இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

தலைவி குறிப்பில் ஏற்ற வேண்டுமென்று பெயரை என்னிடம் கேட்டு, உரக்கச் சொல்லிப் பார்த்தார். ஜீவா… ஜீவ்ரா… பக்கத்து ஆள் உதவிக்கு வந்தார். ரட்னம்? மூன்றாவது ஆளும் முயன்றார். அம்மா ஒவ்வொரு தடவையும் நிதானமாகத் திருத்தினாள். ஜீ-வ-ரத்-தி-னம். வகுப்பு நடத்துவது போல.

தீர்ப்பு: பிளேட் பிரச்சினை இல்லை. சொந்த உபயோகம் என்று ஏற்கிறார்கள். ஆனால் கண்ணாடி எழுத்து 18-ஆம் தேதிக்குள் போக வேண்டும். கம்பெனி மூடியதா இல்லையா என்று விதி பிரிக்கவில்லை. தவறான உறுதிமொழிக்கு ஒரு கண்டனம். மூன்றுக்கு இரண்டு ஓட்டு. அங்கிள் எந்தப் பக்கம் என்று தெரியாது. கேட்கப் போவதில்லை.

எதிர்த்துப் பேச வாயைத் திறந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வெளியே வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். "மூணு பேரும் உங்கப்பா பேரைச் சொல்லப் பட்ட பாட்டைப் பாத்தியா? எழுதிக்கிட்டாவளா?"

"எழுதிட்டாங்கம்மா. அது எப்பவும் ரெக்கார்டுல இருக்கும்."

"அப்ப கண்ணாடியில இருக்கதை எடுத்துரு."

மார்ச் 16, ஞாயிறு

மதியம் உரித்தோம். நான் சூடு காட்ட, நாற்காலியில் உட்கார்ந்தபடி அம்மா ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். முதலில் போன் நம்பர். பிறகு தூத்துக்குடி. அப்பா பெயர் கடைசியில், கிழியாமல் வந்தது.

கூட்டக் குறிப்பின் நகலும் இன்று மெயிலில் வந்தது.

இனி செய்ய வேண்டியவை:

1. நாளை காலை: காலிக் கண்ணாடியைப் போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்ப வேண்டும்.
2. வியாழன் 10:15: அம்மாவுக்குத் தெரபி. 9:40-க்கு வாசலிலிருந்து கிளம்ப வேண்டும்.
3. கூட்டக் குறிப்பில் அப்பா பெயரில் இரண்டு எழுத்து தப்பு. திருத்தக் கோரி மனு. அனுப்பும் முன் அம்மாவிடம் காட்ட வேண்டும்.