எழுபதுதான் என்று சொல்லிவிட்டேன்

12 ஜூன் 2005, ஞாயிறு

சகலை சொன்னதே சரியாகிவிட்டது. வயிறு எரிகிறது.

அவரிடம் இருப்பதும் என்னுடையதைப் போல ஒரு பழைய கார்தான். போன மாதம் சாப்பிட வந்தவர், "அறுபது ஸ்பீடுலயே புடிச்சுப் போங்க சகலை, லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் குடுக்கும்" என்றார். மல்லிகா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேசி என்றைக்காவது அப்படிக் கேட்டிருக்கிறாளா?

அவர் விட்டது கதை என்று காட்டத்தான் மூன்று ஞாயிறு அலைந்தேன். மரக்காணம் பங்க்கில் டேங்கை முட்ட நிரப்பிக்கொண்டு புதுச்சேரி போவேன். திரும்பி வந்து அதே பங்க்கில் மறுபடி முட்ட நிரப்பிக் கணக்குப் பார்ப்பேன். எண்பதில் பதினான்கு. எழுபதில் பதினாறு. இன்று அறுபதில் போனேன். உப்பு லாரிகூட ஹாரன் அடித்து என்னை முந்திப் போனது. வந்தது சரியாகப் பதினெட்டு.

வாசலிலேயே மல்லிகா பிடித்துக்கொண்டாள். "என்னங்க, எங்க அக்கா வீட்டுக்காரர் சொன்னது சரிதானே?"

"அவருக்கு இன்னா தெரியும்? எழுபதுதான் சரி" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்கே போகிறோம். மல்லிகா முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்பீடா மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு வருவாள். எழுபதில்தான் போயாக வேண்டும். வழியில் அவள் தூங்கிவிட்டால் அறுபதுக்கு இறக்கிக்கொள்ளலாம்.