தென்கிழக்கு 15

பாம்பூ, 1964 மார்ச் 12

மகன் ராஜனுக்கு அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ சுகம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அதையாவது நம்புகிறேன். இந்த உறை மேல் நான் எழுதியிருக்கும் விலாசத்தைப் பார்த்ததுமே உனக்குத் திக்கென்றிருக்கும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை போர்ட் லூயிஸ் தபால் ஆபீசில் லண்டனிலிருந்து வந்த தபால் பையை அவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். உன் கையெழுத்தில் ஒரு உறை. எனக்கில்லை, க்யூர்பிப்பில் இருக்கும் உன் சிநேகிதன் ஆன்றிக்கு. பின்பக்கம் மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஆர். சின்னன், லண்டன் தென்கிழக்கு 15 என்றிருந்தது. எனக்கு எழுதும்போது மட்டும் இரண்டு வருஷமாக வடமேற்கு 10, நீ குடியிருப்பதாகச் சொன்ன ஃப்ரான்சிஸ் வீட்டு மாடி அறை. முத்திரை ஏன் தென்கிழக்கு என்று விழுகிறது என்று கேட்டதற்கு, வேலைக்குப் போகிற இடத்தில் தபாலில் போடுகிறேன் என்றாய், நானும் சரி என்று இருந்துவிட்டேன். லண்டனைத் திசை திசையாகப் பிரித்து, அந்தந்தத் திசையின் தலைமை ஆபீசுக்கு ஒன்று என்று கொடுத்து, மற்ற ஆபீசுகளுக்கு ஊர்ப்பெயரின் அகரவரிசைப்படி எண் போட்டிருக்கிறார்கள் என்று நீ கப்பல் ஏறுமுன் உனக்குச் சொன்னதே நான்தானே. லண்டன் வரைபடத்தில் வடமேற்கு 10 மேல் விரல் வைத்து, இங்கேதான் உன் பிள்ளை தூங்குகிறான் என்று அம்மாவுக்குக் காட்டுவேன். இரண்டு வருஷமாக நீ இல்லாத இடத்தைக் காட்டியிருக்கிறேன்.

அந்த உறையை நான் பிரிக்கவில்லை. கூட வேலை செய்யும் செர்ஜ், ஏன் சின்னன் உட்கார்ந்துவிட்டாய் என்று கேட்டான், தலைசுற்றல் என்றேன், க்யூர்பிப் தட்டில் போட்டுவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்தேன். மறுநாள் ஆன்றியைப் போய்ப் பார்த்தேன். பாவம், அவன் அழுதேவிட்டான். நம் தீவின் ரோஸ் ஹில் ஊர்ப் பெண்தான், நர்ஸ், பெயர் ஜெனெவியேவ், பதிவுத் திருமணம் ஆகி ஒன்றரை வருஷம் என்றான். நம்மவள் இல்லை, கிரியோல் பெண் என்று நான் சண்டை போடுவேன் என்று பயந்தாயாம். போட்டிருப்பேன், அப்புறம் அடங்கியிருப்பேன். ஆனால் பரிசம் போட்டு உனக்காகக் காத்திருக்கும் கண்ணம்மாவை நினைத்தாயா? உன்னை நம்பி, அவளுக்கு வந்த இரண்டு வரனையும் வேண்டாம் என்று அவள் வீட்டாரைச் சொல்லவைத்தேனே. ஞாயிற்றுக்கிழமை நானே போய் அவளிடம் சொன்னேன். அவள் தாய் எழுந்து உள்ளே போய்விட்டாள். கண்ணம்மா மட்டும், எனக்கு ஒரு வரி எழுத அவருக்கு இரண்டு வருஷம் போதவில்லையா மாமா என்றாள். வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

குளிரில் காதை மூடிக்கொள், உனக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும். கண்ணம்மாவுக்கு உன் கைப்பட எழுது. எண் ஒன்றும் வேண்டாம், கண்ணம்மா, கோவில் பக்கம், பாம்பூ என்றால் போய்ச் சேரும். என் உறைக்குள் வைத்து அனுப்பாதே, அதை நான் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டேன்.

என்ன ஆசீர்வாதம் எழுத என்று அம்மாவிடம் கேட்டேன். மருமகளுக்கு எழுதுங்கள் என்றாள். ஜெனெவியேவிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னன்