ராகி எக்ஸ்பிரஸின் இரண்டு மேனேஜர்கள்

ஏட்டி,

இன்று மதியம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் என் மேஜைக்கு ஒரு சிவப்பு டப்பா வந்து சேர்ந்தது. உள்ளே நாற்பது புஷ் வளையம், அத்தனையும் ரிஜெக்ட். ஒன்றை எடுத்துத் துடைத்தேன். கூலன்ட் வாடை விரலில் ஏறியது. மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் இருபது மைக்ரான் குறைவு. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் இருபது. மூன்றாவதும் இருபது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்திருக்கும் டிரெய்னிப் பெண் மிரண்டுபோய்ப் பார்த்தாள். நாற்பது துண்டு வீணாகிக் கிடக்கும்போது இன்ஸ்பெக்‌ஷன் மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் யாருக்குத்தான் பயம் வராது?

என்ன நடந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஷிஃப்ட்காரர் அளவு இருபது மைக்ரான் கூடுதலாக வருகிறதென்று மெஷினில் இருபதைக் குறைத்திருக்கிறார். குறைத்ததை எழுதி வைக்கவில்லை. அடுத்து வந்தவர், மேஜையில் கிடந்த பழைய துண்டை அளந்து, தன் பங்குக்கு இன்னொரு இருபதைக் குறைத்திருக்கிறார். இரண்டு பேருமே பொறுப்பானவர்கள். ஒருவராவது சோம்பேறியாக இருந்திருந்தால் நாற்பது புஷ்ஷும் பிழைத்திருக்கும்.

இந்தத் தப்பைச் செய்தவர்களை நாம் இரண்டு பேரும் என்னவெல்லாம் பேசியிருக்கிறோம்! அப்புறம் அதே தப்பை ஒரு ரேஸ் காருக்குச் செய்தோமே, அதை அந்தப் பெண்ணிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பதில் போடவில்லை என்று இந்த முறை சண்டைக்கு வர மாட்டேன்.

அந்த ஓராண்டு டிரெய்னிங்கில் நாம் இருவரும் ஒரே ஹாஸ்டல் அறை, ஒரே இன்ஸ்பெக்‌ஷன் மேஜை, ஆனால் எதிரெதிர் ஷிஃப்ட். நான் காலை ஆறு மணி என்றால் நீ மதியம் இரண்டு; அடுத்த வாரம் மாறும். நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஓசூர்க் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டரோடு வந்தவள். நீ கெலமங்கலத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். என் தமிழைக் கேட்டு நீ சிரிப்பாய். நீ ஊரிலிருந்து கொண்டுவரும் ராகிக் களியை விழுங்கத் தெரியாமல் நான் மெல்லுவேன், அதற்கும் சிரிப்பாய். "மெல்லாதடி, அது களி. அதை மென்னா அதுக்கே அசிங்கம்" என்பாய்.

கைபேசியில் பேசவும் மிஸ்டு கால் கொடுக்கவும் மட்டும் தெரிந்திருந்த காலம். பாகலூர் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. நீ அங்கே வேலைக்கு விண்ணப்பம் அனுப்பப் போய், பக்கத்துத் திரையில் யாரோ ஆடிக்கொண்டிருந்த விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்தாய். கார் பந்தயம், ஆனால் நாம் காரை ஓட்ட முடியாது. நாம் அணியின் மேனேஜர். டிரைவரை வேலைக்கு எடுக்க வேண்டும், டயர் எது, எரிபொருள் எவ்வளவு, எத்தனை தடவை நிறுத்துவது, முன் இறக்கை எத்தனை புள்ளி, பின் இறக்கை எத்தனை புள்ளி என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். புதனும் ஞாயிறும் சாயங்காலம் ஆறரைக்குப் பந்தயம் தானாக ஓடும். நாம் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கலாம், அவ்வளவுதான்.

"இது நம்ம வேலையேதான்டி. அளக்கிறது நாம, ஓட்டுறது வேற ஆளு" என்றாய் நீ. அன்றே அணி தொடங்கிவிட்டோம். பெயர் ராகி எக்ஸ்பிரஸ். உலகத்தின் எந்த மூலையிலோ உட்கார்ந்து அந்தப் பெயரைப் படித்த மற்ற முப்பத்தொன்பது மேனேஜர்களும் என்ன நினைத்தார்களோ.

முதல் சில வாரம் நாம் வாங்கிய அடி கொஞ்சமா? எல்லாப் புதியவர்களையும் போல நட்சத்திர டிரைவர் ஒருவனைப் பிடித்து வந்தோம். அவன் சம்பளத்திலேயே எல்லாம் போய், தேய்ந்த எஞ்சினை மாற்ற வழியில்லாமல் பாதிப் பந்தயத்தில் கார் நின்றது. நீதான் அவனை அனுப்பிவிட்டு, வாயில் நுழையாத பெயரும் மலிவுச் சம்பளமும் கொண்ட ஒருவனைக் கொண்டுவந்தாய். திறமை சுமார், உடம்பில் தெம்பு மட்டும் உண்டு. அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாய். "அழகு பாத்து எடுக்காத, கடைசிச் சுத்து வரைக்கும் மூச்சு இருக்கான்னு பாரு" என்றாய். பயிற்சிச் சுற்றில் மாப்பிள்ளை வந்து குறை சொல்வான். நான் அவசரக்காரி, ஒரே நேரத்தில் நாலு எண்ணை மாற்றுவேன். நீ என் கையைத் தட்டிவிட்டு, ஒரு சுற்றுக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாது என்று சொல்லித் தந்தாய். மற்றவர்கள் எல்லோரும் பறந்தார்கள். நாம் மெதுவாகப் பதினைந்தாம் இடம், பத்தாம் இடம், ஏழாம் இடம் என்று ஏறினோம்.

அப்போதுதான் நீ ஆசையைச் சொன்னாய். பந்தயப் பருவம் முடிகிற அதே வாரத்தில் உன் டிரெய்னிங்கும் முடிகிறது. நிரந்தரம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குத் திரும்ப வேண்டும். "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ரேஸ் ஜெயிச்சுப் பாத்துடணும்டி. ஒண்ணு போதும்" என்றாய். நீ எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. அதனால் அது எனக்கு நேர்த்திக்கடன் மாதிரி ஆகிவிட்டது. அப்போது ஆறு பந்தயம் பாக்கி.

அந்தப் புதன்கிழமை வந்தது. முந்தைய நாள் பயிற்சியில் மாப்பிள்ளை, முன்பக்கம் தரையைப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தான். முன் இறக்கையில் எண்பது புள்ளி ஏற்ற வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். நம் விதிப்படி, மாற்றுகிறவள் அறையிலிருக்கும் நோட்டில் எழுத வேண்டும். உனக்கு மதிய ஷிஃப்ட். காலையில் சென்டருக்குப் போய் எண்பதை ஏற்றிவிட்டு, நேரமாகிவிட்டதென்று அறைக்கு வராமல் நேரே கம்பெனிக்கு ஓடி வந்தாய். இரண்டு மணிக்கு நம் மேஜையில் நாம் சந்தித்தோம். அந்தப் பத்து நிமிடத்தில் நாம் என்ன பேசினோம்? ஒரு டப்பா ரிஜெக்ட் வந்திருந்தது. இரண்டு ஷிஃப்டும் திருத்திய கேஸ். அந்த ஆபரேட்டரை நிற்கவைத்து, எழுதி வைக்க உங்களுக்கு என்ன கேடு என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் அங்கிருந்து நேரே சென்டருக்குப் போனேன். திரையிலிருந்த எண்ணைப் பழையது என்று நினைத்துக்கொண்டு என் எண்பதையும் ஏற்றினேன்.

ராகி எக்ஸ்பிரஸ் அன்றைக்கு முப்பத்தெட்டாம் இடம்.

மறுநாள் இரண்டு மணிக்கு அதே மேஜையில் சண்டை. "ஏன் எழுதி வைக்கல?" என்று நான் கேட்டேன். "எழுதியிருந்தா மட்டும் நீ ரூமுக்குப் போய்ப் பாத்திருப்பியா? நேரா சென்டருக்குத்தானே ஓடுன?" என்று நீ கேட்டாய். அது உண்மை. உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. "உனக்காகத்தானட்டி ஓடுனேன், எனக்கு என்ன வந்துச்சு?" என்று கத்தினேன். "எனக்காக யாரும் ஓட வேணாம்" என்றாய். ஷாப் ஃப்ளோர் முழுக்க நம்மைப் பார்த்தது. முந்தைய நாள் நாம் திட்டிய ஆபரேட்டரும் பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் பேச்சில்லை. ஒரே அறையில் எதிரெதிர்க் கட்டில். இரண்டு மணிக்கு நான் அளக்கும் கேஜ்களை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன். நீ எண்ணி எடுத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாய். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விடுவாய். களி வரவில்லை. ஒரு மணி நேரம் மென்று தின்ன வேண்டிய அந்தக் களிக்காக நான் ஏங்குவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ராகி எக்ஸ்பிரஸ் மூன்று பந்தயம் அந்தக் கோணல் இறக்கையோடே ஓடியது. முப்பத்தைந்து, முப்பத்தேழு, முப்பத்தாறு. மாப்பிள்ளை மூன்று முறையும் ஒரே குறையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். இரண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி அவன் பாடு. நான் சென்டருக்குப் போய்த் திரையைத் திறப்பேன், எண்ணைப் பார்ப்பேன், கை போகாது. நீ ஏற்கெனவே திருத்தியிருந்தால்? இன்னொரு தடவை இரட்டைத் திருத்தம் ஆகிவிட்டால்? தொடாமல் எழுந்து வந்துவிடுவேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஓசூர்த் தேர். கம்பெனிக்கு லீவு. ஊரே மலையடிவாரத்தில் தேர் இழுக்கப் போயிருந்தபோது நான் மெல்ல சென்டர் படியேறினேன். உள்ளே நீ உட்கார்ந்திருந்தாய். நம் திரை திறந்திருந்தது. நான் திரும்பிப் போயிருப்பேன், கடைக்காரர் அண்ணா விட்டிருந்தால். வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டை எடுத்து மேஜையில் ஓங்கி வைத்தார் அவர்.

"ஏன்ம்மா, இதைப் பாருங்க. பன்னெண்டு நாளா காலையில ஒருத்தி, மதியம் ஒருத்தி. ஆளுக்குப் பத்து நிமிஷம். அதே பக்கத்தைத் திறக்கறீங்க, ஒண்ணும் பண்ணாம பாத்துட்டுப் போறீங்க. சண்டைன்னா ஒருத்தியாச்சும் வராம இருக்கணும்ல?"

நான் நோட்டைப் பார்த்தேன். நீயும் எழுந்து வந்து பார்த்தாய். ஊருக்குப் போன ஞாயிறுகள் தவிர எல்லா நாளும் உன் கையெழுத்து இருந்தது. எல்லா நாளும் என்னுடையதும் இருந்தது.

"நீ ஏன்டி மாத்தல?" என்று கேட்டாய்.

"நீ மாத்தியிருப்பன்னு நெனச்சேன்ட்டி."

"நானும் அதான்டி நெனச்சேன்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. அண்ணா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நீ நாற்காலியில் சரிந்து, "ஐயோ, மாப்ள, மாப்ள" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாய். ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, இறக்கையிலிருந்து எண்பது புள்ளியைக் கழற்றினோம். மவுசின் மேல் என் கை, என் கையின் மேல் உன் கை.

மறுநாள் புதன் பந்தயத்தில் ஆறாம் இடம். மிச்சம் ஒன்றே ஒன்று, கடைசி ஞாயிறு. நீ அந்த வாரம் ஊருக்குப் போகவில்லை. நம் பிரிவில் எல்லோரும் மென்மையான டயர் போட்டு வேகமாக ஓடி, மூன்று தடவை நின்று டயர் மாற்றுவார்கள். நீ கடினமான டயர், டேங்க் நிறைய எரிபொருள், ஒரே நிறுத்தம் என்றாய். முதல் பாதியில் கார் கனத்து நகராதே என்று நான் பயந்தேன். நீ சூளகிரி ரோட்டில் ஓடும் பஸ்களைச் சாட்சிக்கு அழைத்தாய். "பிரைவேட்காரன் பறப்பான், கை காட்டுன எடத்துல எல்லாம் நிப்பான். கவர்மென்ட்டு பஸ் மெதுவாப் போயி முன்னாடி சேந்துடும். வேகமாப் போறவன் ஜெயிக்கிறதில்லடி, கம்மியா நிக்கிறவன்தான் ஜெயிக்கிறான்."

ஆறரைக்குப் பந்தயம் ஓடத் தொடங்கியது. பத்தாம் சுற்றில் இருபதாம் இடம். நான் உன்னைப் பார்க்கவில்லை. முப்பதாம் சுற்றில் ஒவ்வொருவராக உள்ளே போக, நாம் ஒன்பது. அவர்கள் மறுபடி நிற்க, நாம் நான்கு. கடைசி ஐந்து சுற்றில் முன்னால் இருவர்தான். ஒருவனுக்கு எஞ்சின் போனது. இன்னொருவன் மூன்றாவது தடவையாக டயர் மாற்ற நுழைந்தான். ராகி எக்ஸ்பிரஸ் என்ற பெயர் திரையின் உச்சிக்கு ஏறி அங்கேயே நின்றது. நீ போட்ட கூச்சலில் பக்கத்து அறையில் யாரோ போனை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். கடைக்காரர் அண்ணா, விவரம் எதுவும் புரியாமலே, எல்லோருக்கும் டீ சொன்னார். நீ அழுதாய். "ஜெயிச்சுட்டு எதுக்குட்டி அழுத?" என்று கேட்டபடி நானும் அழுதேன். அவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

மூன்றாம் நாள் நீ பெட்டியோடு பஸ் ஏறினாய். அந்த விளையாட்டையும் அடுத்த வருடமே மூடிவிட்டார்கள். நீ கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் கம்பெனியில் சேர்ந்து, "இப்ப மாம்பழத்துக்கு ரிஜெக்ட் போடறேன்டி" என்று போனில் சிரித்தாய். எத்தனையோ வருடம் அந்தச் சிரிப்பைப் போனில் கேட்டேன். கடைசியில், ஒன்றரை வருடத்துக்கு முன், உன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் கேட்டேன்.

உன்னோடு ஒரே அறையில் இருக்க எனக்கு வாய்த்தது ஓராண்டுதான். அதில் பன்னிரண்டு நாளை நான் ஜன்னலைப் பார்த்தே தீர்த்துவிட்டேன். அதை நினைத்தால் மட்டும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அதனால் இப்போதெல்லாம் யாரோடு சண்டை வந்தாலும், தப்பு யாருடையது என்றாலும், அன்று சாயங்காலமே நான் போய் நின்றுவிடுகிறேன். வீட்டுக்காரரிடம், அக்காவிடம், கம்பெனியில் என் பாதி வயதுப் பிள்ளைகளிடம்கூட. போன மாதம் அக்காவுக்கே பொறுக்கவில்லை. "உனக்கு மானம் ரோஷமே கிடையாதாட்டி?" என்று கேட்டாள்.

"இருந்துச்சுக்கா. ஒரு தடவை பன்னெண்டு நாள் வெச்சுப் பாத்துட்டேன், போதும்" என்றேன்.