பசலி 1435, அழிக்கப்பட்டது

டிச. 1, திங்கள்

மழை ஐந்தாம் நாள். மொட்டை மாடியில் சோலார் படுத்துவிட்டது, மின்சாரமும் இல்லை. ஏழு பேரும் ஜன்னலோரம் கூடி எதிர்ச் சாரியில் யார் வழுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பூமிக்குக் கேடு செய்யாத நிறுவனம் என்று பலகை வைத்திருக்கிறோம். இன்று முழு வெற்றி.

கீழே மொபைல் கவர் விற்கும் பாஸ்கர் யாரிடமோ சொன்னது படிக்கட்டில் கேட்டது: "மேலயா? சாஃப்ட்வேர் கம்பெனிதாங்க. ஆனா மடம் மாதிரி. ஏசி கெடையாது, ஆறு மணிக்கு மேல வேலை கெடையாது, யாரையும் திட்றதும் கெடையாது. எப்படி ஓடுதுன்னு எனக்கும் தெரியல."

எனக்கும்.

செய்ய வேண்டியது: ஒழுகும் இடத்தில் வாளி. வாளிக்கு மேலே தொங்கும் கொள்கைப் பலகையை நகர்த்துதல். முடிவெட்டு (இரண்டு மாதமாகப் பட்டியலில்).

டிச. 2

சம்பா முழுக்கத் தண்ணீரில். நம் செயலிக்கு இதுதான் பரீட்சைக் காலம். விவசாயி வயலைப் படம் எடுத்து ஏற்றினால் தேதியோடு நம்மிடம் இருக்கும். பயிர் அழிந்தால் வி.ஏ.ஓ.விடம் காட்டி நிவாரணம் கேட்கலாம். பரீட்சைக்குப் பதினோரு போன். எல்லாம் ஒரே கேள்வி: போட்டோவைக் காணோம்.

"சிக்னல் இருக்காது, மறுபடி தெறந்து பாருங்க" என்று பதினோரு பேரிடமும் கலகலப்பாகச் சொன்னேன். பன்னிரண்டாவது, அம்மாப்பேட்டை பக்கத்துச் சந்திரா அக்கா.

"தெறந்துட்டேன் தம்பி. நட்டப்ப எடுத்ததும் இல்ல, சனிக்கெழம தண்ணி நின்னப்ப எடுத்ததும் இல்ல. எனக்கு வயலே இல்லாத மாதிரி வெள்ளையா இருக்கு."

கலகலப்பு நின்றது.

டிச. 3

கண்டுபிடித்தாள் மீனா. நிரல் எழுதுபவள், கோவைப் பெண். கண்டுபிடித்ததும் அழுதாள்.

நான்காவது கொள்கை: ஓராண்டுக்கு மேல் பழையதான விவரத்தை வைத்திருக்க மாட்டோம், மூன்று மாதத்துக்கொரு முறை தானாகவே அழியும். நடவுக்கு முன்னால் நான் ஒரு புரட்சி செய்தேன். வருடத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைக்காதே, அவரவர் எழுதும் வழக்கப்படி எழுதட்டும் என்றேன். எழுதினார்கள். அடங்கலில், கிஸ்தி ரசீதில் இருக்கிற மாதிரியே: 1435. பசலி ஆண்டு, நிலவரிக் கணக்கின் ஆண்டு. கணினி கணக்குப் போட்டது, ஐந்நூற்றுத் தொண்ணூறு வருடப் பழசு. ஞாயிறு காலை துப்புரவாகத் துடைத்துவிட்டது.

"பசலின்னா என்னங் சார்? கீரையா?" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டே.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சோதித்தவன் பசலி தெரிந்த தஞ்சாவூர்க்காரன். 2025 என்று போட்டுச் சோதித்தேன். ஓடியது. டீ குடிக்கப் போனேன்.

நகல்? ஐந்தாவது கொள்கை: அழித்தால் அழித்ததுதான், கள்ள நகல் கிடையாது. நானே எழுதிய வரி. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

பாஸ்கர் நம்பவில்லை. "சும்மா சொல்லாதீங்க சார். எல்லா கம்பெனியும் எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிருப்பான்."

"நாங்க வைக்கல."

"அப்ப நீங்க என்ன கம்பெனி?"

டிச. 5

மழை விட்டது. மற்றவர்களுக்குப் பட்டா இருக்கிறது, சமாளித்துக்கொள்வார்கள். மாட்டிக்கொண்டது சந்திரா அக்கா ஒருவர்தான். நாலு மா, ஒன்றேகால் ஏக்கர் சொச்சம், வாய்வார்த்தைக் குத்தகை, பதினாறு வருடம். நிலத்துக்காரர் சிங்கப்பூரில். நெல் அளந்து வாங்குவது அவருடைய தம்பி ராஜேந்திரன். துண்டுக் காகிதம் கிடையாது. அந்த வயலில் நட்டது அக்காதான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் படங்கள்.

"போன்ல இருக்குமே அக்கா?"

"நீங்கதானே தம்பி கூட்டத்துல சொன்னீங்க? போன்ல எடத்த அடைக்கும், அழிச்சிடுங்க, எங்ககிட்ட பத்திரமா இருக்கும்னு."

சொன்னேன். மைக் பிடித்துச் சொன்னேன். கை தட்டினார்கள்.

வீட்டில் சாப்பிடவில்லை. "எண்ணெய் ஜாஸ்தியா?" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன்.

டிச. 8

அக்காவோடு வி.ஏ.ஓ. அலுவலகம். படங்கள் இருந்தன, எங்கள் தவறால் அழிந்தன என்று கடிதம். மறுசுழற்சித் தாளில், பேனா மை ஊறி அழுகை போல இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார்.

"எந்தத் தேதி சார்? எந்த சர்வே நம்பர்?"

"அதுவும் சேர்ந்துதாங்க அழிஞ்சது."

"அப்ப என்ன அழிஞ்சதுன்னும் உங்களுக்குத் தெரியாது." கோபமில்லை. பாவம், அவர் மேசையிலும் ஈரம். "பட்டாதாரர் ஒரு வார்த்தை சொன்னா எழுதிக்கிறேன்."

திரும்பி வந்ததும் மீனா: "வேற வயல் படத்துல தேதிய மாத்திக் குடுத்தரலாங் சார். ரெண்டு நிமிஷ வேலை."

நம் வழக்கப்படி எல்லோரும் சம்மதித்தால்தான் எதுவும். ஏழு கை உயர்ந்தது. என்னுடையது முதலில். ஏழு வருடத்தில் இத்தனை ஒற்றுமை இதுவே முதல்முறை.

அக்கா படத்தைப் பார்த்தார். "இது மாரிமுத்து வயலு தம்பி. பம்புசெட் கொட்டாய் தெரியுது பாருங்க. ஊரே சிரிக்கும்."

ஆக, பொய் சொல்லத் துணிந்தும் பயனில்லை. பொய்யிலும் நமக்கு அனுபவம் போதாது.

டிச. 10

வெயில். முடி வெட்டிக்கொண்டேன். ஒரு பக்கம் அதிகம்.

டிச. 11

பத்து மணிக்கு அக்கா. பையில் வெள்ளைத்தாள், தானே வாங்கி வந்தது. ராஜேந்திரன் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்: நிவாரணம் அண்ணன் பேரில் வரட்டும், பாதி உனக்கு, கூலிக்குத்தான் நட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடு, இல்லையென்றால் வருகிற போகத்துக்கு வேறு ஆள்.

"நீங்க எழுதுங்க தம்பி. ஒங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

"அக்கா, இத எழுதிட்டா நாளைக்குக் குத்தகைன்னு வாய் தெறக்க முடியாது. பதினாறு வருஷமும் போச்சு."

"தெரியுது. வாய் தெறந்தா மட்டும் நெலம் இருக்குமா?"

மீனா எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். வக்கீலைப் பார்ப்போம் என்றேன். எப்ப என்றார். பேனாவை எடுத்தேன். எழுதினேன். 'மேற்படி நிலத்தில் நான் தினக்கூலியாக மட்டுமே வேலை செய்தேன்.' படித்துக் காட்டினேன்.

"'மட்டுமே' வேணுமா தம்பி?"

"அவரு கேட்டிருக்காரே அக்கா."

தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரி, இருக்கட்டும். எங்க போடணும்?"

இடம் காட்டினேன்.