பாம்புத்தாரா கூடும் பழைய லென்ஸும்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி மூட்டம். எட்டு மணிக்கு மேல் தெளிவு. மாட்டுத்தாவணியில் பஸ், திருவாதவூர் தாண்டி இறங்கி, கண்மாய்க் கரை வரை நடை. கையில்: கேமரா, தூரத்தை இழுக்கிற பழைய 400 லென்ஸ், ஸ்டாண்டு, பைனாகுலர், இட்லி நாலு.

கண்மாய் நடுவில் தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில், கழுத்து நீண்ட நீர்ப்பறவையான பாம்புத்தாராவின் கூடு. எண்ணியது ஏழு. பைனாகுலரில் குஞ்சு தெரிகிறது. மரங்களை ஏலம் எடுத்த பாண்டி கரையில் நின்றார். வியாழக்கிழமை வெட்டு தொடக்கமாம்.

"அதெல்லாம் போன வருசக் கூடுண்ணே. காக்கா கூடத் தங்காது."

"குஞ்சு இருக்குய்யா."

"இருந்தா போட்டோவுல காட்டுங்க. அந்த மரத்துல கை வைக்க மாட்டேன். எம் புள்ள மேல சத்தியம்."

அறுபது படம் எடுத்தேன்.

பிப்ரவரி 4, புதன்

படங்கள் செல்வராணி டீச்சருக்கு. பறவை பார்க்கிற குழுவை நடத்துகிறவர், உசிலம்பட்டிப் பள்ளியில் வேலை. மதியம் போன்.

"ஐயா, ஏழு கூடுன்னு எழுதியிருக்கீங்க. கூடு தெரியுது. உள்ள இருக்கது குஞ்சுன்னு சொல்ல முடியல. எல்லாம் பஞ்சு மாதிரி இருக்கு."

பனி என்றேன்.

"லென்ஸுல பூஞ்சை எதுவும்..."

"அந்த லென்ஸுக்கு ஒரு குறையும் கிடையாது."

தானே ஃபோகஸ் பிடிக்கிற லென்ஸோடு வேறு ஆளை நாளைக்கே அனுப்பட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். நான் கண்ட கூடு, நானே எடுப்பேன். போன வருடம் குழு போட்ட காலண்டரில் என் மீன்கொத்திக்குக் கீழே என் பெயர் இல்லை. அவர் மறந்திருக்கலாம்.

தானே ஃபோகஸ் பிடிக்கிற லென்ஸ் கூட்டை விட்டு முன்னால் நிற்கிற சுள்ளியைத்தான் பிடிக்கும். இதைச் சொல்லவில்லை. சொன்னால் கேட்கப் போகிறார்களா.

பிப்ரவரி 5, வியாழன்

மறுபடி கண்மாய். பனி இல்லை, காற்று இல்லை. என் முறைப்படி எடுத்தேன்: தூரத்துப் பொருளா, ஃபோகஸ் வளையத்தை முட்டும் வரை திருப்பு, அழுத்து. ஃபிலிம் காலத்துப் பாடம். யாரும் சொல்லித் தரவில்லை. லைன்மேன் வேலைக்கு நடுவே ரோல் ரோலாகக் கெடுத்துக் கற்றது.

மேற்கு ஓரத்தில் மெஷின் ரம்பம். நடுவுக்கு இன்னும் வரவில்லை.

மாலையில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். குஞ்சு பஞ்சு. பின்னால் யானைமலையும் பஞ்சு. முன்னால் சுள்ளியும் பஞ்சு. ஃபோகஸ் தப்பினால் முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒன்று கூர்மையாக விழுந்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் கண்ணா?

ராஜாத்தி அடுப்படியிலிருந்து: "கண்ணைக் காட்டுங்கன்னு எம்புட்டு நாளா சொல்றேன். பொண்டாட்டி சொன்னா கேட்டுரக் கூடாதுன்னு ஏதும் நேர்த்திக்கடனா?"

கண் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. வரிசை. சொட்டு மருந்து. பிறகு மதியம் வரை கண் கூச்சம்.

டாக்டரம்மா: "புரை லேசாத்தான் இருக்கு. இப்ப இருக்க கண்ணாடியே போதும்."

ராஜாத்திக்கு ஏமாற்றம். வீட்டுக்கு வந்து லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பூஞ்சை இல்லை. கண்மாய்க்குப் போகவில்லை.

பிப்ரவரி 7, சனி

நல்ல வெயில். மாடியில் ஸ்டாண்டு போட்டு, கோபுரத்தைப் பார்த்து லென்ஸை நிறுத்தினேன். மோர்மிளகாய் காயப்போட வந்த ராஜாத்தி, இடம் வேண்டும் என்று லென்ஸையே பிடித்துத் தள்ளினாள்.

"ஏய், வளையம் திரும்பிருச்சு!"

"திரும்புனா திருப்பிக்கங்க. மொளகாய்க்கு வெயிலு வேணும்."

குனிந்து பார்த்தேன். கலசம். கலசத்தின் மேல் புறா. புறாவின் கழுத்தில் பச்சை. வளையம் முட்டுகிற இடத்திலிருந்து ஒரு நூல் பின்னால் நிற்கிறது.

முட்டும் வரை திருப்பினேன். பஞ்சு. ஒரு நூல் பின்னால். கழுத்து.

பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்ட இடையில் ஓர் அடாப்டர். அது கொஞ்சம் மெலிசு. அதனால் லென்ஸ் கடைசித் தூரத்தையும் தாண்டிப் போய்த்தான் முட்டுகிறது. ஃபிலிம் கேமராவில் சரியாக இருந்த பழக்கம் இதில் தப்பு.

கேமராவில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் பிடிக்க ஒரு பொத்தான் உண்டு. கேமரா வாங்கித் தந்த அன்றே மகன் காட்டினான். எனக்குத் தேவையில்லை என்றேன். தொட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

முதல் பஸ். பொத்தானை அழுத்தி, முட்டவிடாமல் திருப்பி, பன்னிரண்டு படம். ஒரு கூட்டில் குஞ்சு மூன்று. வெள்ளைத் தூவி, பாம்புக் கழுத்து. ஒன்றின் தலை முழுசாகத் தாயின் தொண்டைக்குள்.

கூடு எண்ணினேன். ஐந்து. இடம் மாறி நின்று எண்ணினேன். ஐந்து. மேற்குப் பக்கம் இரண்டு மரம் இல்லை.

பாண்டியிடம் கேமராவை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு கையைத் தட்டி, "டேய், ரம்பத்தை நிப்பாட்டு! கூடு இருக்க மரத்துப் பக்கம் ஒருத்தனும் போகக் கூடாது" என்று கத்தினார்.

என்னிடம் மெதுவாக: "நேத்து விழுந்த மரத்துலயும் இதே மாதிரி வெள்ளையாக் கெடந்துச்சுண்ணே. பயலுக கொக்குக் குஞ்சுன்னானுக. இதை முந்தாநாளே காட்டியிருந்தா கை வச்சிருப்பமா?"

"லென்ஸு ரிப்பேரு" என்றேன்.

"பழசுல்லண்ணே. அப்படித்தேன் இருக்கும்" என்று தேற்றினார்.

நாற்பது வருடத்தில் அந்த லென்ஸ் ஒரு தப்பும் செய்ததில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

டீச்சருக்குப் படம் அனுப்பியாயிற்று. ரொம்பச் சந்தோஷம் என்று எழுதியிருக்கிறார். ஏழும் பத்திரமாக இருக்கிறதா ஐயா என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.